லயம் என்ற பேருக்கு நடந்த சண்டை

மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. கோலசிலாங்கூர் டவுனில் ஒரு கடைவரிசையை ஒட்டி என் மீன் லோரி நின்றுகொண்டிருந்தது. உள்ளே என் பக்கத்து இருக்கையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு வழக்கறிஞர். கறுப்புக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார், மீன் வாடை ஒட்டிவிடக் கூடாதாம். மீன் லோரிக்குள் ஏறிவிட்டு அப்படி ஓர் ஆசை.

வழக்கறிஞரின் பெயர் குகன். என் வயசுக்காரன்தான், இரண்டு பேருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். அதனால் இனிமேல் அவன், இவன் என்றே எழுதப்போகிறேன்.

குகனின் கைபேசியிலிருந்து லோரி ரேடியோவில் ஒரு பாட்டு தொடங்கியது. முதலில் இரும்பில் இரும்பு அடிபடும் சத்தம், விட்டு விட்டு. பிறகு கிதார், அடித்தொண்டையில் இருமுகிற மாதிரி. அதற்கும் பிறகு பாடகனின் உறுமல்.

"தாளம்," என்றான் குகன். "பரதநாட்டியத்துக்கு நட்டுவனார் தட்டுவினமே, அந்தத் தாளம். ஸ்லோ பண்ணிப் போட்டிருக்கிறாங்கள்."

"தண்டவாளம்லா," என்றேன் நான். "பெரட்டுக்கு அடிக்கிற தண்டவாளம்."

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் தெரியும். விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அதற்கு முன்னால் ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை ஆட்களை மேய்க்கிற மண்டோர் அடிப்பார். அந்த மணிச் சத்தத்தில்தான் நான் பத்துப் பன்னிரண்டு வயது வரை கண் விழித்தேன். எனக்குத் தெரியாதா?

அந்த மழைக்குள் என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், ஒரு மீன் லோரிக்காரனும் ஒரு வக்கீலும் எப்படி மெட்டல் இசை கேட்க ஆரம்பித்தார்கள் என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் கதை விடுகிறேன் என்பீர்கள்.

தீர்த்தம் தெளித்த ரேடியோ

எனக்கு மெட்டலைக் காட்டியவன் பாகான் நக்கோடா ஓமாரில் ஒரு மீனவர் மகன், மலாய்க்காரன். படகிலிருந்து கூடை இறக்கும்போது ஒரு கேசட்டைக் கையில் திணித்தான். உறையில் பேரே இல்லை. வீட்டில் போட்டுக் கேட்டேன். முதல் பாட்டு முடிவதற்குள் அம்மா மாதா கோவிலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த தீர்த்தத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"பேய் புடிச்சவன் கத்துறான், ஒனக்கு இது பாட்டா?" என்று ரேடியோவின் மீது தெளித்தார். ரேடியோ புகைந்து நின்றது. பேய் ஓடிவிட்டது என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சரிபண்ண எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஏன் பிடித்தது அந்த இசை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கல்யாணம் பேச வந்தவர்கள்கூட கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் இதுதான்: வாயைத் திறந்து கத்த முடியாத இடத்தில் வளர்ந்தவன் நான். எனக்காக இன்னொருத்தன் கத்தினான். கல்யாணம் நடக்கவில்லை, அது வேறு கதை, இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன்.

குகன் எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதின பெரிய கிராணியின் மகன். யாழ்ப்பாணத்துக் குடும்பம். கிராணி வீடு மேட்டில், எங்கள் லயம் பள்ளத்தில். சின்ன வயதில் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவன் கான்வென்ட் பஸ்ஸில் போவான். நான் பார்ப்பேன். அவ்வளவுதான்.

பல வருடங்கள் கழித்து, மலிவு விலை வீட்டுக்குக் கையெழுத்துப் போட டவுனில் ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போனேன். வக்கீல் பத்திரத்தைப் பார்க்கவில்லை, என் சட்டையைப் பார்த்தார். எலும்புக்கூடு போட்ட கறுப்புச் சட்டை.

"அந்த பேண்டில எந்த ஆல்பம் திறம்?" என்று கேட்டார்.

"ரெண்டாவது," என்றேன்.

"உமக்கு விசரே? முதலாவதுதான்."

அதற்குப் பிறகுதான் நீ யார், நான் யார் என்று விசாரித்துக்கொண்டோம். என் பெயர் ஆரோக்கியதாஸ். அதை ஆங்கிலத்தில் எழுதினால் உள்ளேயே ராக் இருக்கிறதே என்று கண்டுபிடித்தவன் குகன்தான். அன்றிலிருந்து நான் ரோக்கி.

பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பாசிர் பெனம்பாங்கில் மீனை இறக்கிவிட்டு, பாலம் தாண்டி டவுனுக்கு வருவேன். அவன் ஆபீஸைப் பூட்டிவிட்டு லோரியில் ஏறுவான். மாஜிஸ்திரேட்டுக்கு முன்னால் பேசுகிற வாய், என் லோரிக்குள் கிதாரைப் பற்றிக் கத்தும். அவன் மனைவி இறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியதில்லை.

நாலு பாட்டு, நாற்பது பேர்

இப்படி இருக்கும்போதுதான் 'லயம்' வந்தது. கோலாலம்பூர்ப் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த இசைக்குழு. மொத்தம் நாலே பாட்டு. வார்த்தை பாதி தமிழ், மீதி உறுமல். குழுவின் பேரை ஆங்கில எழுத்தில் முள்ளுக்கம்பி சுற்றிய மாதிரி எழுதியிருந்தார்கள், மெட்டல் பேண்டுகளின் வழக்கம் அது. குகன் அதைப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றி மாட்டினான்.

இணையத்தில் மெட்டல் கேட்கிற தமிழர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. அங்கே இந்த நாலு பாட்டுக்கும் நடந்த சண்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருத்தன் டூம் என்றான். ஒருத்தன் ஸ்லட்ஜ் என்றான். மூன்றாமவன் இரண்டுமே இல்லை, போஸ்ட் மெட்டல் என்றான். சென்னையிலிருந்து ஒருவர், இது கர்நாடக சங்கீதத்தை உள்வாங்கிய ப்ராக், பேரே லயம் ஆயிற்றே என்று பக்கம் பக்கமாக எழுதினார். உறையில் பேர் எழுதாத கேசட்டில் மெட்டல் கேட்டு வளர்ந்த எனக்குச் சிரிப்பாக வந்தது. சிரித்துவிட்டு டூம் பக்கம் நானும் இறங்கினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டூம் என்றால் பாரம் ஏற்றிய லோரி மேட்டில் போகிற வேகம். ஒரு ஸ்வரத்தை அடித்து அது தானாகச் செத்துப்போகும் வரை விட்டுவிடுவார்கள். ப்ராக் என்றால் கணக்கு. ஏழில் ஆரம்பித்து ஒன்பதில் திரும்பி எங்கேயோ போய் முடியும். எனக்கு அது படித்தவர்களின் சங்கதி. குகனுக்கு அதுதான் உயிர், சின்ன வயதில் மிருதங்கம் பழகியவன்.

லயம் என்ற பேரைப் பார்த்ததுமே குகன் தாளம் என்றான். நான் வீடு என்றேன். எனக்கு லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாகக் கட்டின தோட்டத்து வீடுகள். வேறு அர்த்தம் இருக்கிறது என்பதையே நான் பெரியவனான பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது பாட்டுக்குப் பேர் 'எட்டு'.

"எட்டு அட்சரம்," என்றான் குகன். "ஆதி தாளம்."

"எட்டாம் நம்பர் கதவு," என்றேன் நான்.

எங்கள் வீடு எட்டாம் நம்பர். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? அந்தப் பாட்டில் டிரம்ஸ் வருகிற விதம் அப்படியே தோட்டத்துச் சாவுக்கு அடிக்கிற தப்பு. குழுவில் அப்படியே எழுதினேன். "அங்கிள், சில் லா," என்று ஒரு பையன் பதில் போட்டான். அதற்கு நாற்பது பேர் சிரித்திருந்தார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லயத்தை நினைத்து ஏங்குகிற ஆள் இல்லை நான். அங்கே கூரை ஒழுகும், பக்கத்து வீட்டில் தும்மினால் நம் வீட்டில் கேட்கும். அதை விட்டு ஓடினால் போதும் என்றுதான் வளர்ந்தேன். இப்போது அங்கே ஒன்றுமே இல்லை, எண்ணெய்ப்பனை நிற்கிறது. அதிலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த வார்த்தையை யாரோ மூன்று பையன்கள் எடுத்து, முள்ளுக்கம்பி சுற்றி, சட்டையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். என்னை யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. ரொம்ப நாளாக யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

மழைக்குள்

இனி அந்த மழைக்கு வருகிறேன். ரேடியோவில் ஓடியது அந்த 'எட்டு'தான். குகன் டாஷ்போர்டில் விரலால் தட்டித் தட்டி எண்ணிக் காட்டினான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டை முதலிலிருந்து போட்டான். மறுபடியும் எண்ணினான். மறுபடியும் நான் தண்டவாளம் என்றேன்.

அவனுக்குப் பொறுமை போய்விட்டது. "உனக்கு எந்தப் பாட்டைப் போட்டாலும் தோட்டம்தான் கேக்குது ரோக்கி. மிக்ஸியைப் போட்டாலும் பால் ஸ்டோர் மெஷின் எண்டுதான் சொல்லுவாய்."

"ஒனக்குக் கேக்காதுடா," என்றேன். "கிராணி வூட்டுக்கு லயம் ஏது?"

சொன்னதை இன்றைக்கும் நான் வாபஸ் வாங்க மாட்டேன், உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அவன் முகம் மாறிவிட்டது. லோரிக்குள் இத்தனை வருடம் அவன் குகன், நான் ரோக்கி. ஒரே வாக்கியத்தில் அவனை மேட்டுக்கு ஏற்றி, நான் பள்ளத்தில் இறங்கி நின்றுகொண்டேன்.

கதவைத் திறந்து இறங்கினான். கோட்டைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்து போனான். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. நான் லோரியை அதே இடத்தில் நிறுத்தி, ஒரு தே தாரேக் வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போனேன். ஆபீஸ் கதவு பூட்டியே கிடந்தது. ஒருநாள் மலையிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று லோரியின் முன்கண்ணாடியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அதனிடம் டூம் பற்றிப் பேசலாமா என்று தோன்றுகிற அளவுக்கு ஆகிவிட்டது நிலைமை.

பிறகு ஒரு காலை, மீன் ஏற்றிக்கொண்டு சுங்கை பெசார் தாண்டி வரும்போது கைபேசியில் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் விமான நிலையத்து அறிவிப்புச் சத்தம்.

"மூண்டாவது பாட்டைத் திரும்பவும் கேட்டனான்," என்றது குகன் குரல். "நீ பிழை. அது ப்ராக்தான். இனி மெல்பர்ன்ல இருந்து சொல்லுறன்."

அவன் ஆபீஸைக் கொடுத்துவிட்டு அங்கே இருக்கிற மகளோடு இருக்கப் போகிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். போய்வருகிறேன் என்ற ஒரு வார்த்தை கிடையாது. மன்னிப்பு, கோபம், எதுவும் கிடையாது. வயலோரம் லோரியை நிறுத்திவிட்டு அழுதேன். மீன் ஐஸ் உருகி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த நெல் லோரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் எடுத்தேன்.

தொலைதூரச் சண்டை

தூர தேசத்தில் இருக்கிற நண்பனோடு என்ன பேசுவது என்பது பெரிய பாடு. குளிரா? குளிர்தான். சுகர் எப்படி? இருக்கு. பேத்தி? பள்ளிக்குப் போகிறாள். இரண்டு நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பக்கமும் மூச்சு, இந்தப் பக்கமும் மூச்சு.

அப்போது யாராவது ஒருத்தர் சொல்வோம், "ஆனா அந்த மூணாவது பாட்டு இருக்கே..." உடனே பழைய லோரி ஓட ஆரம்பித்துவிடும். அவன் எண்ணுவான், நான் மறுப்பேன். யாரிடமிருந்து எடுத்தார்கள், எதன் சாயல் என்று ஒரு மணி நேரம் போகும். அவன் மகள் பின்னாலிருந்து, அப்பா, சாப்பாடு ஆறுது என்று கூப்பிடுவாள்.

என் வீட்டில் யாரும் கூப்பிட மாட்டார்கள். சாப்பாடு ஆறினால் ஆறும். பேசி முடித்துப் போனை வைத்ததும் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். இந்தப் பேச்சு இல்லையென்றால் வாரத்தில் நான் பேசுகிற வார்த்தையெல்லாம் ஊடாங், கெம்போங், சியாக்காப் என்று மீன் பேராகத்தான் இருக்கும். இந்த ஒரு சண்டைதான் எங்களுக்கு மிச்சம், அது இரண்டு பேருக்குமே தெரியும்.

அப்படியிருக்க, 'லயம்' கிள்ளானில் வாசிக்கப்போகிறார்கள் என்று குழுவில் அறிவிப்பு வந்தது. நான் குகனிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"நீ போ," என்றான். குரலில் அவ்வளவு உற்சாகம். "போய் நேரிலேயே கேள். பேருக்கு என்ன அர்த்தம், எட்டு என்ன, தொடக்கத்தில வாற அந்த மணி என்ன. ஒரு முடிவுக்கு வருவம்."

மகனைத் தேடி வந்தவர்

கிள்ளானில் கடைவீட்டு மாடி. கீழே டயர் கடை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வாசலில் கையில் முத்திரை குத்துகிற பெண் என்னைப் பார்த்து, "அங்கிள், மகன தேடி வந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டாள். இல்லம்மா, பாட்டுக் கேட்கத்தான் என்று கையை நீட்டினேன்.

உள்ளே எல்லாரும் கறுப்புச் சட்டை. நானும்தான். ஆனாலும் சுவரோரம் நான் நின்ற இடத்தைச் சுற்றி ஓர் ஆள் இடம் காலியாகவே இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும், பையன்கள் அபாரமாக வாசித்தார்கள். 'எட்டு' வந்தபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் குகன் விரலால் தட்டிக்கொண்டு நிற்க வேண்டிய பாட்டு அது.

முடிந்த பிறகு, உறுமிப் பாடின பையன் சட்டை விற்கிற மேசைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தான். பெயர் தினேஷ். பேச்சில் உறுமலே இல்லை, அவ்வளவு பணிவு.

"வாங்க அங்கிள். ஓக்கேவா ஷோ?"

"நல்லா இருந்துச்சிப்பா. ஒன்னு கேக்கணும். லயம்னு ஏன் பேரு வெச்சீங்க?"

"லயம்னா ரிதம் அங்கிள். எங்கப்பா மியூசிக் டீச்சர், அவருதான் சொன்னாரு."

"எட்டு?"

"அதுவா, அந்த ரிஃப் எட்டு பார் திரும்பத் திரும்ப வரும். ஃபைலுக்கு எட்டுன்னு பேரு போட்டு சேவ் பண்ணோம். அப்புறம் மாத்த சோம்பேறித்தனம்லா."

"அந்த மணிச் சத்தம்?"

தினேஷ் சிரித்துவிட்டான். "அது மணி இல்ல அங்கிள். நாங்க ரெக்கார்ட் பண்ண எடத்துக்குக் கீழ வெல்டிங் கடை. எவனோ இரும்ப அடிச்சான், மைக்குல ஏறிருச்சி. கேட்டா நல்லா இருக்கு, விட்டுட்டோம்."

நான் தலையாட்டினேன். நகர்ந்திருக்க வேண்டும். எனக்குப் பின்னால் சட்டை வாங்க ஆட்கள் நின்றார்கள். அவனே கேட்டான்.

"ஏன் அங்கிள், நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

"எங்க ஊருல லயம்னா வீடுப்பா. தோட்டத்துல. வரிசையா ஒட்டி ஒட்டி இருக்கும்."

அவன் கொஞ்சம் யோசித்தான். நிஜமாகவே புரிந்துகொள்ள முயற்சி செய்தான்.

"ஓ, டெரஸ் வீடா?" டவுன் பக்கம் வரிசையாகக் கட்டி விற்கிற வீட்டைச் சொன்னான்.

"ஆமா," என்றேன். "அது மாதிரிதான்."

ஒரு சட்டை வாங்கிக்கொண்டேன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் பிறப்பதற்கு முன்பே அந்த வார்த்தைக்கு வேலை போய்விட்டது, அவன் என்ன செய்வான்? ஆனால் படியில் இறங்கும்போது சட்டையை விரித்து அந்தப் பேரை இன்னொரு முறை பார்த்தேன். என்னைக் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், அவர்கள் வேறு யாரையோ கூப்பிட்டிருக்கிறார்கள்.

முடிவுக்கு வருவம்

லோரியில் ஏறி உட்கார்ந்ததும் கைபேசி அதிர்ந்தது. குகன் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தான்.

"கேட்டனியே? என்ன சொன்னாங்கள்?"

அவன் ஜெயித்திருக்கிறான். மணியில் இரண்டு பேருமே தோற்றோம் என்றாலும், பேர் விஷயத்தில் அவன் சொன்னதுதான் சரி. சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவான்! பேத்தியைக் கூப்பிட்டுச் சொல்லுவான். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் இருக்கும். அதற்குப் பிறகு குளிரா, குளிர்தான். சுகர் எப்படி, இருக்கு.

"கேக்க முடியல," என்று நானும் அதே ஆங்கில எழுத்தில் தட்டினேன். "சரியான கூட்டம்."

இதை அச்சில் எழுதுகிற தைரியம் எப்படி வந்தது என்று கேட்கலாம். குகனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. கான்வென்ட் படிப்பு. ஆகவே மெல்பர்னில் சொந்தபந்தம் உள்ள வாசகர்கள் தயவுசெய்து இந்த வாரப் பக்கத்தை யாருக்கும் வாசித்துக் காட்டிவிடாதீர்கள். இந்தத் தொடரில் உங்களிடம் நான் கேட்கிற ஒரே உதவி இதுதான்.

பதில் உடனே வரவில்லை. கிள்ளான் பாலத்தைத் தாண்டி, காப்பாரைத் தாண்டி, பாதி வழி வந்த பிறகுதான் குரல் பதிவு வந்தது. ஓரம் கட்டிக் கேட்டேன். நீளமான பதிவு. ஆதி தாளத்தில் ஆரம்பித்து, மூன்றாவது பாட்டின் நடுப்பகுதியைப் பிரித்து, என் காது செவிடு என்று இரண்டு இடத்தில் சொல்லி, மூச்சு வாங்கி நிறுத்தினான். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தணித்துச் சொன்னான்.

"ரோக்கி, அவங்கள் திரும்ப வாசிச்சால் நீ போ. ஆனா ஒண்டும் கேட்டுப்போடாத."